காற்று எடுப்பது

முதலில் சத்தம்தான். நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில், கோயமுத்தூர்க் கண்ணாஸ்பத்திரியிலிருந்து மகள் ரேணுகா அவளுடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியை வாசலில் திருப்பினாளே, அப்போது முன்சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசின சத்தம். தெருவில் போன வேறு யாருக்கும் அது சத்தமாகவே பட்டிருக்காது, எனக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. பிறகு வாடை. பிரேக் பேட் தேய்ந்து தீர்ந்துபோய்த் தகடு சூடாகிற வாடையைப் படித்தவன் யாரும் எழுதிக் காட்ட முடியாது, தீய்ந்த சீயக்காய் மாதிரியும் இருக்கும், முடி கருகின மாதிரியும் இருக்கும், அது மூக்கில் ஏறினால் எனக்கு முட்டியில் வலி வந்துவிடும். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ரேணுகா கதவைத் திறந்து அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினாள், என் வீட்டுக்காரி பாவாத்தாள் ஆபரேஷன் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமாக்காரி மாதிரி படியில் கால் தேடினாள், இரண்டு பேரும் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். மகள் போகிற போக்கில் என் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள், அம்மாவுக்குக் கால் தட்டக் கூடாது என்று. அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும். அவள் கல்யாணத்திலிருந்து இப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பாவாத்தாள்தான் தபால்காரி. அப்பாவைச் சாப்பிடச் சொல்லும்மா என்பாள் அவள், நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லு என்பேன் நான், அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பாள். பாவாத்தாள் இரண்டு பக்கமும் எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள், கேட்டாச்சல்ல, அப்புறமென்ன என்று தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். இன்று காலையில் அவளே என் பக்கத்தில் வந்து நின்றாள், கண்ணாடிக்குள் எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை. “ஏனுங், அம்மிணி மத்தியானச் சோறு தின்னுட்டுக் கெளம்பறா. இனி இந்த ஊட்டுக்கு வரமாட்டாளாமா. பேசாத மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியலைன்னு சொல்லீட்டா. பாக்கோணும்னா என்னைய அங்க வரச் சொல்றா.” அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும். ஏதோ ஒன்று சொல்லியிருக்க வேண்டும். வண்டியில் பிரேக் இல்லை என்றேன். பாவாத்தாள், டிக்கியில் புதுப் பேட் வாங்கிப் போட்டிருக்கிறாளாம், குன்னூர் வீட்டுக்குப் போய் அவளே மாட்டிக்கொள்வாளாம் என்றாள். சாவியை எடு என்றேன்.

வண்டி சின்ன வண்டிதான், ஆனால் பந்தயத்துக்குப் போகிற யாரோ ஒரு கோயமுத்தூர்ப் பையன் கையிலிருந்து வாங்கினதாம், ஞாயிற்றுக்கிழமையானால் இவளும் அந்தக் கூட்டத்தோடு போய் ஓட்டுகிறாளாம், இதுவும் பாவாத்தாள் சொல்லித்தான் தெரியும். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். ஜாக்கி போட்டேன். கழற்றின சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தேன், ஜாக்கி நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும், ஆள் தப்பிப்பான், இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஒருத்தன் இப்படி வைக்காமல் செத்ததைப் பார்த்துக் கற்றது. சக்கரம் போன பிறகுதான் அதை முழுசாகப் பார்த்தேன், சிவப்பு வர்ணம் அடித்த காலிப்பர், வட்டத் தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நண்டு மாதிரிக் கவ்விக்கொண்டு நிற்கிறது. நம் லாரியில் எல்லாம் டிரம், உள்ளே கட்டை, கழற்ற வேண்டுமானால் சுத்தியல் வேண்டும், கெட்ட வார்த்தை வேண்டும். இது அப்படியில்லை. நகைக்கடையில் செய்த மாதிரி இருக்கிறது. மேலே இரண்டு பின், பின்னுக்கு அடியில் ஒரு தகடு, அதைத் தட்டினால் பின் வருகிறது, தகடு துள்ளி விழுகிறது, பழைய பேட் மேல்வாக்கில் கையோடு வந்துவிடுகிறது. இதற்கா இவ்வளவு பயந்தேன். பேடைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெறும் தகடு, இன்னொரு பக்கம் நகம் அளவுக்கு மிச்சம். இதை வைத்துக்கொண்டு குன்னூர் மலை இறக்கத்தில் இறங்கி வந்திருக்கிறாள். அம்மாவை உட்கார வைத்து இதே பிரேக்கில் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்திருக்கிறாள். எந்த வளைவிலாவது ஒரு பஸ் குறுக்கே வந்திருந்தால். வராது. வந்திருந்தால். எனக்கு வந்ததே. எனக்கு வந்தது பஸ் இல்லை, எருமை, எருமைக்குப் பின்னால் ஒரு கிழவி, கல்லாறுக்கு மேலே மலை ரோட்டில், லாரியில் உருளைக்கிழங்கு லோடு, மிதித்தேன், பெடல் கீழே போய்விட்டது, பிடிக்கவில்லை, பம்ப் அடித்தேன், பிடிக்கவில்லை, கிளீனர் அந்தப் பக்கம் குதித்துவிட்டான், நான் வலது பக்கம் மலையோடு கொண்டுபோய் அணைத்தேன், அணைத்தேன் என்றால் முட்டினேன், உருளைக்கிழங்கு எல்லாம் எனக்கு முன்னால் ரோட்டில் இறங்கிப் போனது, வெகு நேரம் போய்க்கொண்டே இருந்தது, நான் முட்டி நசுங்கி உட்கார்ந்தபடி அதைப் பார்த்தேன். கிழவிக்கு ஒன்றும் ஆகவில்லை. எருமைக்கும் ஒன்றும் ஆகவில்லை. லாரி முதலாளி வந்து பார்த்துவிட்டு, கியரில் இறக்கியிருக்க மாட்டான், பிரேக்கை மிதிச்சே வந்திருப்பான், அதான் சூடேறிப் போச்சு என்று நாலு பேர் முன்னால் சொன்னான். நான் கியரில்தான் இறக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், கியரில்தான் இறக்கினேன். அவன் செத்தபோது ஊரே போனது, நான் போகவில்லை.

பேடைத் தட்டோடு அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும், தள்ளினால்தான் புதுப் பேட் நுழையும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, எதிர்ப் பக்கம் இரண்டு, ஆக நாலு பிஸ்டன், அங்கேதான் சனி. ஒன்றை ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பி உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருப்பது வெளியே வருகிறது, அதைத் தள்ளினால் எதிரில் இருப்பது வருகிறது, எங்கள் பங்காளி வீட்டு விசேஷம் மாதிரி, ஒருத்தனைச் சமாதானம் பண்ணி உட்கார வைத்தால் இன்னொருத்தன் முறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். கொஞ்ச நேரம் மாற்றி மாற்றித் தள்ளி ஏமாந்தேன். பிறகு பழைய பேடையே திரும்ப உள்ளே விட்டு, இரண்டு பிஸ்டனுக்கும் குறுக்காக அது நிற்கும்படி வைத்து, மெல்ல மெல்ல நெம்பினேன், எல்லாம் ஒன்றாகப் போயின. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது, அந்த நேரத்தில்தான் சொட்டுச் சொட்டு என்று சத்தம். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பா வழிந்துகொண்டிருக்கிறது. காலையில் முதல் வேலையாக நான்தான் ஆயில் குறைந்திருக்கிறதே என்று வாய் வரைக்கும் ஊற்றி வைத்தேன். லாரிக்காரன் புத்தி. குறைந்தால் ஊற்று. பேட் தேய்ந்தால் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்துக்கு ஆயில் போயிருக்கும், அதனால் குறைந்த மாதிரி இருக்கும், பிஸ்டனைத் தள்ளினால் அத்தனையும் திரும்பி வரும், இது தெரியாதவனா நான், தெரிந்தும் ஊற்றினேன், கை தானாக ஊற்றியது. பிரேக் ஆயில் வர்ணத்தைத் தின்றுவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றினேன், நொண்டிக்கொண்டு ஓடி இன்னொரு வாளி ஊற்றினேன், துணியால் ஒற்றினேன். பானெட்டுக்கு ஓரத்தில், விளக்குக்கு மேலே, ஆயில் முதலில் இறங்கின இடத்தில் பளபளப்பு போய் உள்ளங்கை அளவுக்கு மங்கலாக நின்றுவிட்டது. நிமிர்ந்தால் அவள் படியில் நிற்கிறாள். கையில் டீ டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. வண்டியைப் பார்த்தாள், கழற்றிக் கிடந்த பேடைப் பார்த்தாள், மங்கின இடத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். டம்ளரைக் காம்பவுண்டுச் சுவரின் மேல் வைத்து, தூசி விழாமல் ஒரு தட்டால் மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம். யாரைக் கேட்டு என் வண்டியைத் தொட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அது சண்டையாக ஆனாலும் சண்டையும் பேச்சுத்தானே. என் பிடிவாதம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. முகம் பாவாத்தாள் முகம், உள்ளே இருப்பது நான்.

ஒரு வார்த்தை. எல்லாம் ஒரு வார்த்தையில்தான் வந்தது. அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன், ஒரு கை சட்டைக்குள் போய்விட்டது, ஒரு கை இன்னும் போகவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருத்தர், மில்லில் மேனேஜராக இருந்தவராம், அப்பா என்னம்மா பண்றாரு என்று கேட்டார். இவள் காபித் தட்டோடு நின்றவள், “அப்பா சும்மாதானுங் இருக்கறாரு” என்றாள். அவ்வளவுதான். சும்மாதான். இருபத்தைந்து வருஷம் மலை ரோட்டில் லோடு இறக்கினவன், முட்டி போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன், சும்மா இருக்கிறவன். லாரி ஓட்டினார் என்று சொல்லியிருக்கலாம். டிரைவராக இருந்தார், அடிபட்டு இப்போது ஓய்வில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். டிரைவர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, மேனேஜர் முன்னால் கூச்சம், அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன், வேறு எப்படி எடுத்துக்கொள்வது. இன்னொரு கையையும் சட்டைக்குள் விட்டு, பொத்தான் போட்டு, வெளியே வந்து சிரித்துக்கொண்டு கும்பிட்டு உட்கார்ந்தேன். அவர்கள் கேட்டதற்கெல்லாம் சரி என்றேன். கல்யாணத்தில் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தேன். அவளோடு மட்டும் பேசவில்லை. கல்யாண வேலையிலும் முதல் வாரத்திலும் அவளுக்கே அது தெரிந்திருக்காது, புது வீடு, புது மனிதர்கள். பிறகு தெரிந்திருக்கும். ஏன் என்று அம்மாவிடம் கேட்டாளாம், அம்மாவுக்கே தெரியாது, நான் சொன்னதில்லை. இதை எப்படிச் சொல்வது, சும்மா என்று சொல்லிவிட்டாள் என்று சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான். சிரிக்கிற விஷயந்தான். சிலசமயம் குளிக்கும்போது எனக்கே சிரிப்பு வரும். வந்த வேகத்தில் நின்றும்விடும். அந்தக் குரலை நான் எத்தனை தடவை மறுபடி மறுபடி காதில் ஓட்டிப் பார்த்திருப்பேன், ஓட்டி ஓட்டி அது தேய்ந்துவிட்டது, இப்போது அவள் அதை எந்த மாதிரிச் சொன்னாள் என்பதே நிச்சயமில்லை. வேகமாகச் சொன்னாளா. இழுத்துச் சொன்னாளா. சும்மாதானுங் இருக்கறாரு, கூப்பிடட்டுங்களா என்று அதோடு சேர்த்து ஏதாவது சொன்னாளா, அது எனக்குக் கேட்கவில்லையா, சட்டை காதை உரசிக்கொண்டிருந்ததே. உள்ளே சும்மாதான் இருக்கிறார், வேலை ஒன்றும் இல்லை, இதோ வந்துவிடுவார். அந்த அர்த்தத்தில்கூட இருக்கலாம். அப்படி இருந்தால். அப்படி இருந்தால் இத்தனை வருஷம் நான் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லை, டிரைவர் என்று சொல்லக் கூச்சந்தான். கூச்சப்பட்டவள் ஏன் வண்டி வண்டி என்று அலைகிறாள், பந்தயத்துக்குப் போகிறாள், யாரைப் பார்த்து அந்தக் கிறுக்கு வந்தது. இந்த இடத்துக்கு வந்தால் என் யோசனை வட்டத் தட்டு மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி சட்டைக்குள் ஒரு கையில் வந்து நிற்கும். டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது. சர்க்கரை இல்லாமல் போட்டிருந்தாள், எனக்குச் சர்க்கரை வந்தது அவள் போன பிறகு, அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

புதுப் பேடின் டப்பாவில் எல்லாம் இங்கிலீஷ். ஐந்தாவதோடு நின்றவனுக்கு இங்கிலீஷ் என்ன, படம் இருந்தால் படத்தைப் பார்ப்பேன். பேடின் முதுகில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தது. அம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்பக்கமா. முதலில் அப்படித்தான் பிடித்துப் பார்த்தேன், அப்படி வைத்தால் பேடே நுழையவில்லை, நிமிர்த்தி வைத்தால் மேலே பார்க்கிறது, தலைகீழாக வைத்தால் கீழே பார்க்கிறது, முன்னால் பார்க்கிற அம்பு என்று ஒன்றே இல்லை. வெறும் தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வண்டி முன்னே போகும்போது தட்டு எப்படிச் சுற்றும், காலிப்பர் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது, அந்த இடத்தில் தட்டு கீழிருந்து மேலே போகிறது, அப்படியானால் அம்பும் மேலே. மேலே வைத்தேன். பின்னைச் செருகினேன், தகட்டை அழுத்திக்கொண்டு இரண்டாவது பின்னையும் தட்டினேன். அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கும் அதேபோல், இந்தத் தடவை டப்பாவில் ஆயிலைத் துணியால் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பிஸ்டனைத் தொட்டேன். வேலை முடிந்தது. உட்கார்ந்து பெடலை மிதித்தால், முதலில் கீழே போகும், அது தெரிந்ததுதான், பேட் தட்டோடு வந்து சேருகிற வரைக்கும் போகும், பம்ப் அடித்தால் மேலே வரும். வந்தது. ஆனால் வந்து நின்ற இடத்தில் மெத்தையில் மிதித்த மாதிரி இருந்தது. அழுத்தினால் இன்னும் கொஞ்சம் போகிறது, எடுத்தால் திரும்புகிறது. காற்று. இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்திருக்கிறது, கொதித்த இடத்தில் காற்று நிற்கிறது. ஆயிலை யாரும் அமுக்க முடியாது, அமுக்கினால் அது அந்தப் பக்கம் பிஸ்டனைத் தள்ளியே தீரும், காற்று அப்படியில்லை, அமுக்கினால் அமுங்கிக்கொள்ளும், ஒன்றையும் தள்ளாது. கல்லாறுக்கு மேலே என் பெடலில் இருந்ததும் அதுதான். இதை இப்படியே அனுப்ப முடியாது. காற்று எடுக்க வேண்டும், எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருத்தர் பெடலை மிதிக்க, ஒருத்தர் சக்கரத்தில் நிப்பிளை, ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகை, திறக்க. பாவாத்தாளைக் கூப்பிட்டேன். லாரி வாசலில் நின்ற காலத்தில் எத்தனையோ தடவை அவள்தான் ஏறி மிதிப்பாள். வந்து நின்று, கறுப்புக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, குனியக் கூடாது, முக்கக் கூடாது, எதையும் அழுத்தித் தள்ளக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது நினைப்பில்லையா என்று கேட்டாள். நினைப்பில்லை. அதை எனக்கு யார் சொன்னார்கள், இரண்டு பேரும் உள்ளே பேசிக்கொண்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறானா என்று கேட்டேன். அவனோடுதான் உங்களுக்குத் தண்ணிக் குழாய்ச் சண்டையிலிருந்து பேச்சு இல்லையே என்றாள். அதுவும் வாஸ்தவந்தான். ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன், எதிர்வீடு, மூலைக்கடை, மச்சினன், யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு வருஷத்தில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. இந்தத் தெருவில் எனக்காக ஒரு பெடல் மிதிக்க ஆள் இல்லை. பாவாத்தாள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், “அம்மிணி, உங்கொப்பனுக்குக் கால் வேணுமாமா.”

வந்தாள். என்னைப் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறினாள், கதவைச் சாத்தாமல் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டாள். வெறுங்காலில் மிதித்தால்தான் பெடல் பேசுவது தெரியும், அது யாரிடம் கற்றாள். நான் இடது சக்கரத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்தேன், முட்டியை நீட்டிக்கொண்டு, நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, குழாயின் இன்னொரு முனையைப் பாட்டிலில் விட்டேன். எல்லாம் தயார். இனி சொல்ல வேண்டும். இந்த வேலையில் சொல்லாமல் முடியாது, அமுத்து என்று சொன்னால் அவள் அமுத்த வேண்டும், புடி என்றால் அமுத்தினபடியே வைத்திருக்க வேண்டும், அப்போது நான் நிப்பிளைத் திறப்பேன், ஆயிலோடு காற்று வரும், நான் மூடின பிறகு உடு என்றால்தான் காலை எடுக்க வேண்டும், மாறி எடுத்துவிட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. வாயைத் திறந்தேன், செருமினேன். அவளுக்குக் கேட்டிருக்கும். ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த விரல் அசைந்ததை வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். “அமுத்து,” என்றேன். அது எனக்கே வேறு ஆளுடைய குரல் மாதிரி இருந்தது. உள்ளே பெடல் இறங்கின சத்தம். “புடி.” திறந்தேன், குழாயில் புளித்த டீ நிறத்தில் ஆயில் வந்தது, நடுவில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று, பாட்டிலுக்குள் போய் உடைந்தது. மூடினேன். “உடு.” பெடல் எழுந்தது. அமுத்து. புடி. உடு. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் மகளிடம் பேசுகிறேன், பேசுவது இந்த மூன்று வார்த்தை. சொன்னதைக் கேட்கிறாள். ஒரு தடவைகூட முந்தவில்லை, பிந்தவில்லை, நான் சொல்லி வாய் மூடுவதற்குள் கால் இறங்குகிறது. சின்னதில் இவளை மடியில் வைத்து ஸ்டீரிங்கைக் கொடுத்தபோதும் இப்படித்தான், சொன்ன அளவுக்கு மேல் ஒரு விரக்கடை திருப்ப மாட்டாள். கொப்புளம் நின்றது. குழாயில் தெளிந்த ஆயில். எழுந்திருக்கப் போனேன். “உள்பக்கம் இன்னொண்ணு இருக்குதுங்,” என்றாள். யாரிடம் சொல்வது என்று தெரியாத மாதிரி, கண்ணாடிக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். இருந்தது. வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நாலு பிஸ்டன் வண்டிக்கு நிப்பிளும் இரண்டு. டிரம்மில் ஒன்றுதானே. அவள் சொல்லாமல் விட்டிருந்தால், பாதிக் காற்றோடு மலை ஏறியிருப்பாள், அதைவிட, பாதிக் காற்றோடு இறங்கி வந்திருப்பாள். இல்லை, வந்திருக்க மாட்டாள். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளே. சமையலறையிலிருந்து குழம்பு கொதிக்கிற வாசம் வந்தது. அது இறங்கினால் சாப்பாடு, சாப்பாடு ஆனால் சாவி.

வலது சக்கரம்தான் கடைசி, அதிலும் உள்பக்கத்து நிப்பிள். அவள் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துக் கொடுத்தாள், நான் கையைப் பின்னால் விட்டு, கன்னத்தை மட்கார்டின் மேல் வைத்துக்கொண்டு படுத்த மாதிரி உட்கார்ந்தேன். இந்த இடத்தில் அவள் முகம் எனக்குத் தெரியாது, திறந்த கதவுக்கு அடியில் அவள் ஒரு பாதம் மட்டும் தெரிகிறது, மெட்டி போட்ட விரல். மெட்டி போட்டு நான் பார்த்ததேயில்லை, கல்யாணத்தில் அந்த நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். அமுத்து, புடி, உடு. கறுப்பு ஆயில் வந்தது, கொப்புளம் வந்தது, பிறகு சின்னச் சின்னக் கொப்புளம், கடுகு மாதிரி, பிறகு அதுவும் இல்லை. அமுத்து என்றேன். குழாயில் ஒன்றுமில்லை, தண்ணீர் மாதிரி ஆயில். சரி, இன்னொரு தடவை பார்த்துக்கொள்வது நல்லதுதான். அமுத்து. புடி. உடு. ஒன்றுமில்லை. இப்போது எழுந்து, ஸ்பேனரைத் துடைத்து, முடிந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் செருப்பைப் போடுவாள். ஏதாவது கேட்கலாம். வண்டி மைலேஜ் என்ன தருகிறது என்று கேட்கலாம். மாப்பிள்ளை வரவில்லையா என்று கேட்கலாம், அதைக் கேட்க நாளாகிவிட்டது. அன்றைக்கு அந்தப் பெரியப்பாவிடம் நீ என்ன சொன்னாய் என்று கேட்டால், அவளுக்கு நினைவே இருக்காது, எந்தப் பெரியப்பா என்று கேட்பாள், அப்போது என் கையில் என்ன மிச்சம் இருக்கும். வர்ணம் போனதற்காவது ஒரு வார்த்தை சொல்லலாம். அது சின்னதுதான், சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால், அமுத்து. கால் இறங்கியது. புடி. உடு. அமுத்து. இந்தத் தடவை பெடல் இறங்கின சத்தம் வரவில்லை, அவள் குரல்தான் வந்தது, “பெடல் கல்லு மாதிரி நிக்குதே. இன்னும் காத்து வருதுங்களாப்பா?”

அப்பா என்றது காதில் விழுந்து உள்ளே இறங்க நேரம் எடுத்தது. குழாயைப் பார்த்தேன். ஒரு பொட்டுக் காற்று இல்லை. நான் பல விஷயத்தில் பொய் சொன்னவன், செக்போஸ்ட்டில் சொல்லியிருக்கிறேன், பாவாத்தாளிடம் சொல்லியிருக்கிறேன், பிரேக்கில் சொன்னதில்லை, பிடிக்கிறது என்றால் பிடிக்கிறது, இல்லையென்றால் இல்லை. முதலாளி எதிரில் நின்று எடு வண்டியை என்று கத்தினபோதும், இல்லை என்பதை இருக்கிறது என்று சொன்னதில்லை. அவளுக்கும் இது தெரியும். மிதிக்கிற காலுக்குத் தெரியாதா. கல் மாதிரி நிற்கிற பெடலில் காற்று இருக்காது என்று பந்தயத்துக்குப் போகிறவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

“வருது,” என்றேன். “கொஞ்சம் வருது.”

உள்ளேயிருந்து பாவாத்தாள் இலை போடட்டுமா என்று கேட்டாள். கதவுக்கு அடியில் அந்தப் பாதம் செருப்பைத் தேடுகிற மாதிரி அசைந்தது, தேடவில்லை, செருப்பை வண்டிக்கு அடியில் இன்னும் தள்ளிவிட்டு மேலே போனது. பெடலில் ஸ்பிரிங் முனகியது.

“புடிச்சிருக்கறனுங்கப்பா,” என்றாள். “நீங்க மெதுவாப் பாருங்க.”

நான் ஸ்பேனரில் கையை வைத்தபடி இருந்தேன். திருப்பினால் பெடல் கீழே போய்விடும், அப்புறம் உடு என்று சொல்ல வேண்டும். திருப்பவில்லை.